வாய்மையோடு ஓராண்டு: வாசிப்பு வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓராண்டில் நம் வட்டம் ஆற்றிய பணிகளைப் பற்றிய அறிக்கையைச் செயற்குழுவின் சார்பில் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்போர் இன்றே செலுத்திவிட்டால் அவர் வாசிக்க வேண்டிய பட்டியலின் நீளம் குறையும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மாதம் ஒரு நூல் என்று ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி ஆண்டு முழுவதற்கும் ஒரே பொருளை எடுத்துக்கொண்டோம். திருக்குறளின் 30ஆவது அதிகாரமாகிய வாய்மையே அப்பொருள். பத்துக் குறளுக்கு ஓராண்டா என்று தொடக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது; ஆனால் 292ஆம் குறளை விட்டு நகர்வதே பெரும்பாடாகிவிட்டது.

'பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்ற அக்குறள், நல்லதற்காகப் பொய் சொல்லலாம் என்று பொதுவாக அனுமதி கொடுப்பதாகவே நம்மில் பலரும் நினைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் படித்ததும் அப்படித்தான். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பரிமேலழகரின் உரையை வரிவரியாகப் படித்தபோது அந்த அனுமதி எவ்வளவு குறுகியது என்பது தெரிந்தது. நன்மை பிறர்க்கு விளைய வேண்டும் என்கிறார் அவர். அதோடு நில்லாமல், கேட்டையோ சாவையோ அடைய இருந்த ஓர் உயிர், சொல்லப்பட்ட பொய்யினாலேயே அதிலிருந்து தப்பி இன்புறுவதைத்தான் குற்றம் தீர்ந்த நன்மை என்று விளக்குகிறார். சொல்பவர் தம்மைக் காத்துக்கொள்ளச் சொல்லும் பொய்க்கு இதில் இடமே இல்லை. இவ்வதிகாரம் துறவறவியலில் வைக்கப்பட்டிருப்பதால் இல்லறத்தாரை இது கட்டுப்படுத்தாது என்று ஓர் உறுப்பினர் வாதிட்டார். கள்ளாமையும் கொல்லாமையும்கூட அதே இயலில்தான் இருக்கின்றன என்று இன்னொருவர் நினைவூட்டியதும் அவ்வாதம் அத்துடன் நின்றுபோனது.

மெய்யியலுக்கு ஒதுக்கிய கூட்டங்களை, தத்துவத் துறையில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் நடத்தினார். கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டி, உள்ளே ஒளிந்திருக்கும் உங்கள் நண்பர் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஜெர்மானிய அறிஞர் இமானுவேல் கான்ட் 1797இல் எழுதிய கட்டுரையில், அங்கும் பொய் சொல்லக்கூடாது என்றே முடிவு கட்டினார். நண்பர் வீட்டில் இல்லை என்று நீங்கள் பொய் சொல்ல, அவரோ உங்களுக்குத் தெரியாமல் ஏற்கெனவே வெளியேறியிருந்து, திரும்பிச் செல்லும் கொலைகாரன் கையில் தெருவில் சிக்கிக்கொண்டால், அந்தச் சாவுக்கு நீங்களும் பொறுப்பு என்பது அவருடைய வாதம். உண்மையைக் கேட்கும் உரிமை உள்ளவரிடம் மட்டுமே உண்மை சொல்லும் கடமை உண்டு என்ற பிரெஞ்சு எழுத்தாளர் பெஞ்சமின் கான்ஸ்தானுக்கு மறுமொழியாகவே கான்ட் இதை எழுதினார். கூட்டத்தில் கான்ட் பக்கம் நின்றவர் ஒருவர்கூட இல்லை. பேராசிரியர் தாமே அவருக்காக வாதாட வேண்டியதாயிற்று. அதை அவர் இவ்வளவு திறம்படச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விதிவிலக்குக்குக் கதவைத் திறந்துவிட்டால் ஒவ்வொருவரும் தம் பொய்யை அதன் வழியே நுழைப்பார்கள் என்று அவர் சொன்னபோது அரங்கு சற்று அமைதியாயிற்று.

அடுத்து ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். செயலின் நன்மை தீமையை அதன் விளைவைக் கொண்டே அளக்கும் பயன்பாட்டுக் கொள்கையை விளக்கி 1861இல் வெளியிட்ட எழுத்தில், உண்மை பேசுதல் என்னும் விதிக்கும் விலக்குகள் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் அவர், தீயவனிடம் தகவலை மறைப்பதையும், கடும் நோயுற்றவரிடம் கெட்ட செய்தியை மறைப்பதையும் எடுத்துக்காட்டுகளாகத் தருகிறார். அவ்வாறு மறைப்பது, குறிப்பாகத் தம்மையன்றி வேறொருவரைப் பெருந்தீங்கிலிருந்து காப்பதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். பரிமேலழகரின் 'பிறர்க்கு' என்பதும் மில்லின் இந்த நிபந்தனையும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கண்டதே, என் மதிப்பீட்டில், இவ்வாண்டின் சிறந்த வாசிப்புப் பயன்.

இலக்கியக் கூட்டங்களைச் சுருக்கமாகவே குறிப்பிடுகிறேன். பாரதத்தில் துரோணரிடம் அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதைத் தெளிவில்லாமல் சொன்ன தருமபுத்திரனின், அதுவரை நிலத்திலிருந்து நான்கு விரல் உயர்ந்து நின்ற தேர், அக்கணமே மண்ணைத் தொட்டது. சொற்களில் பொய் இல்லாவிட்டாலும் எண்ணத்தில் இருந்தால் அது பொய்தான் என்று கவிஞன் தீர்ப்பளித்துவிட்டான். சிலப்பதிகார வழக்குரை காதையும் படிக்கப்பட்டது. பொற்கொல்லனின் பொய்யைவிட, அதை விசாரிக்காமல் நம்பிய தன் பிழையை உணர்ந்து 'யானோ அரசன் யானே கள்வன்' என்று பாண்டியன் சொல்லி விழும் இடமே நெடுநேரம் பேசப்பட்டது.

அன்றாட வாழ்வுக்கு ஒதுக்கிய கூட்டங்களுக்குத்தான் கூட்டம் அதிகம். நாற்காலி போதாமல் நூலகத்தின் பெஞ்சுகளை இழுத்துப் போட்டோம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்னும் பழமொழியை, பரிமேலழகர் வகுத்த எல்லையோடு ஒப்பிட்டபோது அது தேறவில்லை. மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதும் பெண்ணின் வலிப்பு நோயை மறைப்பதும் எவர் உயிரையும் காப்பதில்லை. சிக்கிக்கொள்வது மற்றவர் பிள்ளை. தரகர் தொழில் செய்யும் நம் உறுப்பினர் இதைச் சிரித்துக்கொண்டே ஏற்றார், ஆனால் முழுதாக ஏற்றதாக எனக்குத் தோன்றவில்லை.

மருத்துவமனையில் சொல்லப்படும் பொய் அவ்வளவு எளிதாகத் தீரவில்லை. ஓய்வுபெற்ற செவிலியரான உறுப்பினர், வார்டுக்கு வெளியே மருத்துவரை மடக்கி, "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் சார், அல்சர்னு சொல்லிடுங்க" என்று கேட்கும் பிள்ளைகளைத் தம் பணிக்காலம் முழுவதும் பார்த்ததாகக் கூறினார். அவர் கவனித்துக்கொண்ட முதியவர் ஒருவர், கடைசி மகளுக்கு எழுதிவைக்க நினைத்திருந்த நிலத்தைப் பற்றி, உடம்பு தேறி வீட்டுக்குப் போனதும் பத்திரப்பதிவை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். தலைமாட்டில் நின்ற பிள்ளைகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பதிவு நடக்கவேயில்லை. அந்தப் பொய்யால் நன்மை அடைந்தவர் நோயாளியா, அவரிடம் பேச வேண்டிய சங்கடத்திலிருந்து தப்பித்த பிள்ளைகளா என்று செவிலியர் கேட்டார். மறுபக்கமும் பேசப்பட்டது. எனக்கு எதுவும் சொல்லாதீர்கள் என்று தாமே கேட்டுக்கொண்ட தாயை, அவர் விருப்பப்படி நிம்மதியாக வழியனுப்பியதாக ஓர் அம்மையார் சொன்னபோது அதைத் தவறென்று எவரும் சொல்லவில்லை. சிறப்பு அழைப்பாளராக வந்த மருத்துவர், நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று முதலில் நோயாளியையே கேட்டுவிடுவதாகவும், சொல்லாமல் விடுவதற்கும் பொய்யைச் சொல்வதற்கும் இடையே தாம் கோடு போட்டிருப்பதாகவும் விளக்கினார். அது பெரும்பாலோருக்கு ஏற்புடையதாக இருந்தது.

ஆண்டின் கடைசிக் கூட்டத்தில், வாய்மையைவிட நல்லது வேறில்லை என்று 300ஆம் குறளில் சொன்ன வள்ளுவர், 323இல் கொல்லாமையை முதலில் வைத்துப் பொய்யாமையை அதற்குப் பின் நிறுத்துவது முரண் அல்லவா என்ற கேள்வி எழுந்தது. தீமை இலாத சொல்லே வாய்மை என்று 291இல் அவர் முன்பே வரையறுத்துவிட்டதால், கொலைகாரனுக்கு வழிகாட்டும் சொல் அவர் கணக்கில் வாய்மையே ஆகாது. ஆகவே முரண் இல்லை என்பது என் கருத்து. பேராசிரியர் இதை ஏற்கவில்லை. முடிவை வரையறைக்குள் முன்கூட்டியே வைத்துவிட்டால் அறச்சிக்கலை எதிர்கொண்டதாகாது என்பது அவர் மறுப்பு. இரு கருத்துகளும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதியப்பட்டுள்ளன.

கூட்டம் நடத்த மாடி அரங்கைத் தந்த கிளை நூலகருக்கும், உரைப் பகுதிகளை நகலெடுத்து வழங்கிய உறுப்பினருக்கும் நன்றி. பெண் உறுப்பினர்கள் வீடு திரும்ப வசதியாகக் கூட்ட நேரத்தை மாலை நான்கு மணிக்கு மாற்ற வேண்டும் என்ற கோரிக்கையைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. வரும் ஆண்டுக்கு 12ஆவது அதிகாரமாகிய நடுவு நிலைமையை எடுத்துக்கொள்ளலாம் என்பது செயற்குழுவின் முன்மொழிவு. அதன் மீதான விவாதத்துக்குத் தலைவர் நேரம் ஒதுக்குவார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்