சுட்டுவிரலுக்கு ஒரு வேலை போதும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகள்,

இங்கு நாங்கள் எல்லோரும் நலம். உன்னுடைய நலமும் மருமகனின் நலமும் அறிய ஆவல். சென்ற கிழமை மெல்பேர்ணிலிருந்து நீ அனுப்பிய படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். பறவை மங்கலாகவும் அதற்குப் பின்னால் நிற்கும் நாணல் தெளிவாகவும் விழுந்திருப்பதைச் சொல்லி, லென்ஸ் பழுதா, திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். லென்ஸில் ஒரு பழுதும் இல்லை. நீ முதலில் பறவையின் மேல் போகஸ் வைத்திருக்கிறாய். பிறகு படம் அழகாக அமையவேண்டும் என்று கமெராவைச் சற்றுத் திருப்பியிருக்கிறாய். அதன்பின் ஷட்டர் பொத்தானை மறுபடி தொட்டதும் கமெரா தன் பாட்டில் புதிதாகப் போகஸ் தேடி நாணலைப் பிடித்துக்கொண்டது. இதற்குக் கமெராவின் பின்பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் பாதிதான் விளங்கும் என்பதால் ஆறுதலாக எழுதுகிறேன்.

கடையிலிருந்து வரும் கமெராவில் ஷட்டர் பொத்தானுக்கு வேலை அதிகம். பாதி அழுத்தினால் ஒளியை அளக்கிறது, அதோடு போகஸையும் தேடுகிறது. முழுதாக அழுத்தினால் படம் எடுக்கிறது. எங்கே தெளிவாக இருக்கவேண்டும் என்பது ஒரு முடிவு; எந்தக் கணத்தில் எடுக்கவேண்டும் என்பது வேறொரு முடிவு. இரண்டையும் ஒரே விரலிடம் விட்டுவிட்டால், இரண்டாவது முடிவை எடுக்கும்போதெல்லாம் முதலாவது முடிவு கலைந்துபோகும். போகஸ் தேடும் வேலையை ஷட்டர் பொத்தானிலிருந்து எடுத்து, பின்பக்கத்தில் பெருவிரல் படும் இடத்திலுள்ள பொத்தானுக்குக் கொடுத்துவிடுவதுதான் நான் சொல்லும் வழி. புதுமையான விடயம் அன்று; கனன் நிறுவனம் 1989ஆம் ஆண்டிலேயே ஈஓஎஸ் 630 என்ற பிலிம் கமெராவில் இந்த வசதியைக் கொடுத்துவிட்டது.

உன்னுடைய கனன் ஆர்10 இல் 'ஏஎப்-ஓன்' என்று எழுதிய பொத்தான் ஏற்கெனவே இருக்கிறது. அதை அழுத்தினால் இப்போதும் போகஸ் தேடும். ஆகவே நீ செய்யவேண்டியது அந்தப் பொத்தானுக்கு வேலை கொடுப்பதன்று, ஷட்டர் பொத்தானிடமிருந்து வேலையைப் பறிப்பதே. மெனுவில் பொத்தான்களை மாற்றியமைக்கும் பக்கத்துக்குப் போய், ஷட்டரைப் பாதி அழுத்தினால் என்ன நடக்கவேண்டும் என்ற இடத்தில், ஒளியளவும் போகஸும் என்றிருப்பதை ஒளியளவு மட்டும் என்று மாற்று. போகஸ் முறையை, அசையும் பொருளைப் பின்தொடரும் 'சேர்வோ' என்பதில் வைத்துவிடு. இன்னுமொன்று, பலர் கவனிக்காமல் விடுவது: அதே கமெராவில் 'பிரிவியூ ஏஎப்' என்றொரு அமைப்பு இருக்கிறது, யாரும் எதையும் அழுத்தாத நேரத்திலும் அது லென்ஸை ஓட்டிக்கொண்டிருக்கும், அது இயங்கினால் பெருவிரலை எடுத்த பிறகும் போகஸ் நகர்ந்துவிடும் என்பதால் அதை நிறுத்தியே வைத்திரு. என்னுடைய நிக்கோன் டி7200 இல் இப்படிப் பெயர் எழுதிய பொத்தான் இல்லை, ஒளியளவைப் பூட்டும் பொத்தானுக்கே அந்த வேலையைக் கொடுத்திருக்கிறேன். கொடுத்ததும் ஷட்டர் பொத்தான் தானாகவே போகஸ் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறது.

இனி இதன் நயத்தைச் சொல்கிறேன். சேர்வோ முறையில் பெருவிரலை அழுத்திப் பிடித்திருக்கும்வரை, அசையும் பொருளைக் கமெரா விடாமல் பின்தொடரும். விரலை எடுத்த கணத்தில் லென்ஸ் அங்கேயே நின்றுவிடும். நிற்கும் பொருளுக்கு ஒரு முறை, ஓடும் பொருளுக்கு வேறொரு முறை என்று மெனுவைத் திறந்து மாற்றிக்கொண்டிருக்கவேண்டியதில்லை. இரண்டும் உன் பெருவிரலிலேயே இருக்கின்றன.

வாவியில் வீச்சுவலை வீசுகிறவர்களைப் படம் எடுக்கும்போதுதான் இதன் அருமை எனக்கு நன்றாக விளங்கும். விடியற்காலையில் கல்லடிப் பாலத்தடியில் அவர்கள் முழங்காலளவு தண்ணீரில் நிற்பார்கள். வலையை மடித்து ஒரு பகுதியைத் தோளிலும் மற்றப் பகுதியைக் கையிலும் ஏந்தி, இடுப்பைத் திருப்பி வீசும்போது அந்த வலை வட்டமாக விரிந்து, எங்களுக்கும் வீசுகிறவருடைய முகத்துக்கும் நடுவே ஒரு திரைபோல வந்து நிற்கும். நாம் எடுக்க விரும்பும் கணமும் அதுவே. ஷட்டர் பொத்தானில் போகஸ் இருந்தால், அந்தக் கணத்தில் கமெராவுக்கு முன்னே தெரிவது வலையின் கண்ணிகளும் அவற்றிலிருந்து தெறிக்கும் தண்ணீரும்தான். முகத்தை விட்டு வலையைப் பிடித்துவிடும். ஆகவே அவர் வலையை மடித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணின் மேல் போகஸ் புள்ளியை வைத்துப் பெருவிரலை அழுத்துவேன். போகஸ் விழுந்ததும் விரலை எடுத்துவிடுவேன். பிறகு அவர் எப்போது வீசினாலும் சரி, சுட்டுவிரலால் தொடர்ந்து அழுத்திக்கொண்டே போகலாம். வலை குறுக்கே வந்தாலும் லென்ஸ் அசையாது. அவர் இரண்டு அடி முன்னே நடந்தால் மட்டும் மறுபடி ஒருமுறை பெருவிரலுக்கு வேலை.

அதே வாவியில், நட்டிருக்கும் கம்பொன்றின் நுனியில் மீன்கொத்தி இருந்தால் செய்யவேண்டியதும் ஏறக்குறைய இதுவே. உட்கார்ந்திருக்கும்வரை ஒருமுறை அழுத்தி விட்டுவிடு, படத்தை விருப்பப்படி அமைத்துக்கொள். அது தண்ணீரை நோக்கிப் பாய்ந்ததும் பெருவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்தொடர். செம்பருந்து வட்டமிட்டு இறங்கும்போது முதலிலிருந்தே அழுத்திப் பிடித்திருக்கவேண்டும். உன்னுடைய கமெராவில் விலங்குகளை அடையாளம் காணும் வசதி பறவைகளையும் சேர்த்தே கண்டுகொள்ளும். அதைப் போட்டுவைத்தால் பெருவிரலின் பாரம் இன்னும் குறையும். ஆனால் நாணலுக்குள்ளும் கண்டல் வேர்களுக்குள்ளும் பாதி மறைந்திருக்கும் பறவையை அந்த வசதி தவறவிடக்கூடும், அங்கே ஒற்றைப் புள்ளியை நீயே நகர்த்தி வைப்பதே நல்லது. பாலத்தையும் வாவியையும் முக்காலியில் வைத்து எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: ஒருமுறை அழுத்து, விடு, வெளிச்சம் மாற மாற எடுத்துக்கொண்டே இரு.

கூத்துப் படங்களுக்கு இது இன்னும் உதவும். உனக்கு நினைவிருக்கும், வடமோடிக் கூத்தில், வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியைச் சுற்றி வரும்போது ஒருவர் முன்னே வர மற்றவர் பின்னே மறைவார். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் இடையிடையே குறுக்கிடும். அரசனுக்கு ஆடுகிறவரைப் பெருவிரலை அழுத்திப் பின்தொடர்ந்துகொண்டிருக்கும்போது மந்திரிக்கு ஆடுகிறவர் குறுக்கே வந்தால், விரலை ஒரு கணம் எடுத்துவிடு. லென்ஸ் அரசன் இருந்த தூரத்திலேயே நிற்கும். குறுக்கே வந்தவர் கடந்ததும் மறுபடி அழுத்தினால், நீண்ட தூரம் தேடாமல் உடனே அவரைப் பிடித்துக்கொள்ளும். பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பவர்களுடைய படங்களில்தான் அரசனின் கிரீடம் மங்கலாகவும் முன்னே நின்றவரின் முதுகு தெளிவாகவும் விழும். களரியில் வெளிச்சம் குறைவு என்பதால் கமெரா சில வேளை போகஸுக்கு உதவியாக ஒரு சிறு விளக்கை எரியவிடப் பார்க்கும். சேர்வோ முறையில் அந்த விளக்கு எரிவதில்லை. இருட்டில் போகஸ் சற்றுத் தடுமாறும் என்றாலும், ஆடுகிறவரின் கண்ணிலும், வைகாசிச் சடங்கின்போது கோயில் வாசலில் கும்பிட்டு நிற்பவர்களின் முகத்திலும் வெளிச்சம் அடிக்காமல் இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லும் கோயிலில் கமெராவைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தென்று நினைத்துவிடாதே. விரலை எடுத்ததும் கமெரா பூட்டி வைப்பது தூரத்தை, ஆளை அன்று. உன்னிடமிருக்கும் 50 மில்லிமீற்றர் லென்ஸின் துவாரத்தை எப் 1.8 என்ற அளவுக்கு அகலத் திறந்து, ஒன்றரை மீற்றர் தூரத்திலிருந்து ஒருவரின் முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் மட்டுமே. நீயோ அவரோ மூச்சு வாங்கி முன்னுக்குச் சாய்ந்தாலே கண்ணிலிருந்து காதுக்குப் போய்விடும். அத்தனை கிட்டத்தில் போகஸ் வைத்துவிட்டுக் கமெராவைத் திருப்புவதும் கூடாது; திருப்பும்போது தெளிவான தளமும் சேர்ந்து திரும்பி, கண் அதற்கு வெளியே நின்றுவிடும். அப்படியான நேரத்தில் பின்பக்கத்துச் சிறு குமிழால் புள்ளியைக் கண்ணுக்கு நகர்த்தி, பெருவிரலை அழுத்திப் பிடித்தபடியே எடு. கண்ணை அடையாளம் காணும் வசதி உன் கமெராவில் நன்றாக வேலை செய்வதால், பிறந்தநாள் வீட்டிலும் சிறு பிள்ளைகளை எடுக்கும்போதும் பழைய முறைக்கே போனாலும் நான் குறை சொல்லமாட்டேன். முன்பிருந்த கமெராக்களில் இந்த மாற்றம் இல்லாமல் பறவை எடுப்பது பெரும்பாடு. இப்போதைய கமெராக்களில் அது ஒரு வசதி. ஆனாலும் வலை வீசுகிறவரையும் கூத்தாடுகிறவரையும் எடுக்கும்வரை நான் இதை விடப்போவதில்லை.

இன்னொரு சிறு தொல்லையும் உண்டு. "எங்கள் இருவரையும் ஒரு படம் எடுங்கள்" என்று கமெராவை வேறொருவரிடம் கொடுத்தால், அவர் ஷட்டரை மட்டும் அழுத்துவார், போகஸ் விழாது, கமெரா பழுது என்று சொல்லித் திருப்பித் தருவார். உன் தம்பி இன்றுவரை அப்படித்தான் சொல்கிறான். அந்த வேளையில் கைத்தொலைபேசியைக் கொடுப்பதே புத்தி. நிக்கோன் வைத்திருக்கும் உன் சிநேகிதிக்கும் ஒரு விடயம் சொல்லிவிடு: அந்தக் கமெராக்கள் பலவற்றில் லென்ஸின் நடுக்கம் தடுக்கும் வேலை ஷட்டரைப் பாதி அழுத்தும்போதே தொடங்கும், பின்பொத்தானால் தொடங்காது; ஆகவே பெருவிரலோடு சுட்டுவிரலையும் மெதுவாக வைத்திருக்கவேண்டும்.

முதலில் கை குழம்பத்தான் செய்யும். ஷட்டரை அழுத்திவிட்டு ஏன் போகஸ் வரவில்லை என்று யோசிப்பாய். பறவையிடம் போவதற்கு முன், உங்கள் தெருவில் வரும் ட்ராம் வண்டியில் பழகு. தூரத்தில் வரும்போது பெருவிரலை அழுத்து, வர வரப் பிடித்துக்கொண்டே சுட்டுவிரலால் எடு; தரிப்பிடத்தில் நின்றதும் பெருவிரலை எடுத்துவிட்டு, இறங்குகிறவர்களை வைத்துப் படத்தை அமைத்து எடு. ஆட்கள் குறுக்கே நடக்கும்போது விரலை எடுப்பதற்கும் அங்கேயே பழக்கம் வந்துவிடும். கமெராவை நிமிர்த்திப் பிடிக்கும்போது உன் சிறிய கைக்குப் பெருவிரல் எட்டாமல் போகலாம். அப்படியென்றால், சற்று வெளிப்பக்கமாக இருக்கும் நட்சத்திரக் குறிப் பொத்தானுக்கு அந்த வேலையை மாற்றிப் பார்.

அடுத்த முறை படம் அனுப்பும்போது வட்ஸ்அப்பில் அனுப்பாதே, அது படத்தைச் சுருக்கிவிடுவதால் போகஸ் எங்கே விழுந்தது என்று என்னால் பார்க்க முடிவதில்லை. நன்றாக வந்ததை மட்டும் தெரிந்தெடுக்காமல், மங்கலாக விழுந்தவற்றையும் சேர்த்து மூலக் கோப்புகளாக மின்னஞ்சலில் அனுப்பு. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது பெருவிரலைப் பிடித்திருந்தாயா, எடுத்துவிட்டாயா என்பதையும் கீழே ஒரு வரி எழுதிவிடு.

இப்படிக்கு
அன்புள்ள அம்மா