புது டீச்சருக்கு பக்கத்துல உக்கார ஒரு ஆள் குடுங்க

எங்க வட்டாரத்த பாத்துக்குற கல்வி அதிகாரிகளுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில நாலாங்கிளாஸ் எடுக்குறேன், ரிடையர்மென்ட்டுக்கு கொஞ்ச வருஷம்தான் இருக்கு. போன வாரம் அதிகாரிங்க ஸ்கூலுக்கு விசிட் வந்தப்ப என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், முழுசா எழுதல. ஆனா மூணாங்கிளாஸ் பசங்க எதிர்லயே அந்தப் புது டீச்சர "ட்ரெயினிங் முடிச்சு டெட் தகுதித் தேர்வெல்லாம் பாஸ் பண்ணி வந்து இதுகூட தெரியாதா"ன்னு கேட்டது சரியில்லங்க. மறுநாள் ஒரு பையன் அதே மாதிரி இடுப்புல கைய வச்சிக்கிட்டு "இதுகூட தெரியாதா மிஸ்"ன்றான், க்ளாஸே சிரிக்குது, அந்தப் பொண்ணு போர்டு பக்கம் திரும்பிக்கிச்சு.

அதுக்கு தெரியாதது என்னன்னு சொல்றேன். எண்ணும் எழுத்தும்ன்ற அரசு திட்டத்துல, எவ்ளோ தெரியுதுன்னு பாத்து அரும்பு (இப்பத்தான் ஆரம்பிக்கிறவங்க), மொட்டு (நடுவுல இருக்குறவங்க), மலர் (நல்லா படிக்கிறவங்க)னு பசங்கள பிரிச்சு பாடம் எடுக்கணும், கையேட்டுல படிக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா மலர் பசங்க பத்து நிமிஷத்துல முடிச்சிட்டு ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறிட்டு இருப்பான், அரும்புல இருக்குறவன் 'ட' எது 'ப' எதுன்னு முழிச்சிட்டு இருப்பான், அந்த நேரம் பாத்து கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு மூடிட்டாங்கன்னு நாலு பேர் லேட்டா வந்து பைய கடாசிட்டு "மிஸ் எந்தப் பக்கம்"னு கேப்பான். அந்த நிமிஷத்துல மொதல்ல யாருகிட்ட போகணும்? அத அங்கயே கூட நின்னு ஒருத்தர் சொல்லித் தரணும், மலர் பசங்கள ரெண்டு ரெண்டு பேரா அரும்பு பசங்க பக்கத்துல உக்கார வை, நீ லேட்டா வந்தவன பாருன்னு. சாயந்தரம் சொன்னா அது அட்வைஸ், அவ்ளோதான்.

நான் வேலைக்கு சேந்தப்ப எனக்கு ஒரு பெரிய டீச்சர் அப்படி சொல்லிக் குடுத்தாங்க. நானும் இந்தப் பொண்ணுக்கு செய்ய ரெடி. ஆனா நான் அங்க போய் உக்காந்தா என் நாலாங்கிளாஸ யாரு பாப்பா? தொடக்கப்பள்ளியில ஃப்ரீ பீரியடுன்னு ஒண்ணு கெடையாதே.

பிஆர்டிஇ, அதான் வட்டார வளமைய ஆசிரியர் பயிற்றுநர், இருக்காங்களேன்னு கேப்பீங்க. இருக்காங்க, டீச்சருக்கு க்ளாஸ்லயே வந்து கைகுடுக்குறதுதான் அவங்க வேலையே. ஆனா வந்ததும் எமிஸ்ல (ஸ்கூல் விவரமெல்லாம் ஏத்துற அரசு வெப்சைட்) இது ஏறலையா, ஃபோட்டோ எங்க, அந்த லிஸ்ட்டு எங்க, கையெழுத்து, கெளம்பிடுறாங்க. அவங்கள சொல்லி குத்தமில்ல, மேல இருந்து "உடனே"ன்னு வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்தா அவங்க என்ன பண்ணுவாங்க. சனிக்கிழமை பக்கத்து ஸ்கூல் டீச்சர்ங்க எல்லாம் சேர்ற சிஆர்சி பயிற்சி மீட்டிங்லயும் ஸ்க்ரீன்ல ஸ்லைடு ஓட்டி அனுப்பிடுறாங்க, ஸ்லைடுல எந்தப் பையனும் பென்ச் மேல ஏறுறதில்ல.

கல்வி உரிமைச் சட்டம் 2009, 27வது பிரிவுல சென்சஸ், பேரிடர் நிவாரணம், எலக்‌ஷன், இத தவிர டீச்சர வேற வெளி வேலைக்கு அனுப்பக்கூடாதுன்னு இருக்கு. இருக்கட்டும். சட்டம் போட்டவங்களுக்கு க்ளாஸுக்குள்ளயே உக்கார வச்சு பாடத்த தவிர மத்ததெல்லாம் வேலை வாங்கலாம்னு தோணல போல. சேர்க்கைக்கு பேரணி போகணும், உறுதிமொழி எடுக்கணும், எல்லாத்துக்கும் ஃபோட்டோ ஏத்தணும், மாத்திரை குடுத்த கணக்கு எழுதணும். நடுவுல அரும்பு, மொட்டு, மலர்.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும்.

கேக்குறது இதுதான். புதுசா சேந்த டீச்சருக்கு மொத ரெண்டு வருஷம், பக்கத்துல உக்கார ஒரு ஆள் குடுங்க. வாரத்துல ஒரு மணி நேரம் போதும். ஒண்ணு பிஆர்டிஇ ஃபோன உள்ள வச்சிட்டு அந்த க்ளாஸ்ல உக்காரட்டும், இல்ல என் க்ளாஸ பாத்துக்கட்டும், நான் போறேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு ரிஜிஸ்டர் வேணாம், ஃபோட்டோ வேணாம், மார்க் வேணாம். தகுதிகாண் பருவம்னு ரெண்டு வருஷம் வச்சிருக்கீங்களே, அதுல சொல்லிக் குடுக்கவும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்க.

முடியுமா முடியாதான்னு ஒரு வரி பதில் தயவுசெஞ்சு போடுங்க. எமிஸ்லயே போட்டாலும் சரி, தெனம் காலைல மொதல்ல அதத்தான் தொறக்குறோம்.

இப்படிக்கு,
ஒரு இடைநிலை ஆசிரியை, வடசென்னை