பைப்பை மாற்றுவதற்கு முன்னால், தம்பி

தம்பி,

நீ அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி அப்பாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். பனியில் ஓட்டும் மஞ்சள் நிறப் பழைய ஸ்கிடூ ஸ்னோமொபைல், 550 பேன் கூல்ட் (விசிறிக் காற்றில் குளிரும் எஞ்சின்), இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். கார்புரேட்டரில் மிக்குனி என்ற எழுத்தைப் பார்த்ததும் அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டார். "இது உன் வேலை, நீயே எழுது" என்றார். சரி, எழுதுகிறேன். வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் நீ பாதியில் நிறுத்திவிடுவாய். இதை அச்செடுத்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்.

நீ கேட்டது நான்கு விஷயம். சைலன்சர் பைப்பை மாற்றலாமா, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றலாமா, கிளட்சுக்கு வேறு ஸ்பிரிங் போடலாமா, ஐஸில் வழுக்காமல் இருக்க அடியில் சுற்றும் ட்ராக்கில் ஆணி அடிக்கலாமா. முதல் மூன்றுக்கும் இந்தக் குளிர்காலத்தில் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆணியை அடுத்த வருஷம் பார்க்கலாம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா பயத்தில் சொல்கிறாள் என்று நினைப்பாய்.

பட்டறைப் பக்கம் வராதே, போய்ப் படி என்று உன்னை விரட்டியது நான்தான். கையில் கிரீஸ் படாமல் ஒரு பிள்ளையாவது வளரட்டும் என்று நினைத்தேன். நீயும் படித்து வாத்தியாராகி கனடாவில் தாம்சன் வரைக்கும் போய்விட்டாய். இப்போது மைனஸ் 30 குளிரில் ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சினோடு தனியாக நிற்கிறாய், உனக்கு ஒரு பிளக்கைக் கழற்றிக்கூடப் பழக்கமில்லை. அது என்னால் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சினுக்குள் தனியாக எண்ணெய்க் குளம் கிடையாது. பெட்ரோலும் காற்றும் உள்ளே போகும் வழியிலேயேதான் எண்ணெயும் போகும். அந்தக் கொஞ்ச எண்ணெய்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. காற்று அதிகமாகி பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் சூடேறும், பிஸ்டன் வீங்கும், சிலிண்டர் சுவரில் உரசிப் பிடித்துக்கொள்ளும். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஆர்எக்ஸ்இசட் என்ற டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பையன்கள் பைப்பை மட்டும் மாற்றிவிட்டு, ஜெட்டை அப்படியே விட்டுவிட்டு கோலகங்சார் ரோட்டில் முறுக்குவார்கள், ஒரு மாதத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நம் கடைக்கு வருவார்கள். அப்படி வந்த பிஸ்டன்கள் எத்தனை! ஒவ்வொன்றிலும் நகத்தால் கீறியதைப் போல மேலிருந்து கீழாகக் கோடு இருக்கும்.

இது நம் ஊர் வெயிலில் நடப்பது. உன் ஊரில் இன்னும் மோசம். குளிர்ந்த காற்று கனமான காற்று. இங்கே 32 டிகிரியில் எஞ்சின் இழுக்கும் காற்றைவிட அங்கே மைனஸ் 30-ல் அதே அளவு காற்று ஏறக்குறைய கால் பங்கு அதிக அடர்த்தி. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கார்புரேட்டருக்குத் தானாகக் கணக்குப் போடத் தெரியாது, ஜெட்டின் ஓட்டை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். கம்பெனிக்காரன் குளிருக்கு ஏற்ற ஜெட்டைத்தான் போட்டு அனுப்பியிருப்பான். ஆனால் உன் வண்டி எத்தனை கை மாறி வந்ததோ. முன்பு வைத்திருந்தவர் வேகம் வேண்டும் என்று சின்ன ஜெட் போட்டிருக்கலாம். முதலில் இரண்டு கார்புரேட்டரையும் கழற்று. மெயின் ஜெட்டின் மேல் பொடியாக ஒரு நம்பர் அடித்திருக்கும், இரண்டையும் எழுதிக்கொண்டு அந்த மாடலின் மேனுவலோடு ஒத்துப்பார். ஒத்துப்போகவில்லை என்றால் மேனுவல் சொல்வதைப் போடு. அதற்கு மேல் உன் கெட்டிக்காரத்தனம் எதுவும் வேண்டாம்.

கார்புரேட்டரைக் கழற்றும்போதே அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரைக் கையால் வளைத்துப் பார். நான் பால் மரத்துக் காட்டில், ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், ரப்பர் வயசானால் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். வெளியே பளபளவென்று இருக்கும், வளைத்தால் மடிப்பில் முடி மாதிரி வெடிப்பு தெரியும். அந்த வெடிப்பு வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், பிஸ்டன் பிடிக்கும். வெடிப்பு இருந்தால் பசை வைத்து ஒட்டாதே, புதிது வாங்கு.

கழுவும் விதத்தைச் சொல்கிறேன், இதுதான் என் கை வேலை. நான்கு திருகைக் கழற்றினால் அடிக்கிண்ணம் வரும். உள்ளே இருக்கும் பழைய பெட்ரோலை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார். அடியில் முத்து முத்தாக உருண்டு ஓடுவது தண்ணீர், மண் மாதிரி இருந்தால் துரு. உன் ஊரில் அந்தத் தண்ணீர்தான் முதல் எதிரி, பெட்ரோல் குழாயிலேயே உறைந்து அடைத்துவிடும். மெயின் ஜெட்டுக்குப் பக்கத்தில் உள்ளே ஒளிந்திருப்பதுதான் பைலட் ஜெட், அதன் ஓட்டை அவ்வளவு பொடியாக இருக்கும். கோடை முழுக்க வண்டி சும்மா கிடந்தால் பெட்ரோல் காய்ந்து கோந்து மாதிரி அங்கேதான் படியும். குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை, ஐடிலில் நிற்கவில்லை என்றால் பத்துக்கு எட்டு இந்த ஓட்டைதான். கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிடு, கித்தாரின் மிக மெல்லிய கம்பியில் ஒரு துண்டை வெட்டி மெதுவாக விட்டு எடு. ஊசி வேண்டாம், துரப்பணம் கூடவே கூடாது, பித்தளை மெதுவானது, ஓட்டை பெரிதாகிவிட்டால் அப்புறம் அந்த ஜெட் ஜெட்டே இல்லை.

இப்போது என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். உனக்கு அப்போது ஆறு வயது. ஒரு பால் மரம் வெட்டுபவர் தன் ஆர்எக்ஸ்இசட்டைக் கொண்டுவந்து விட்டார், மறுநாள் விடியற்காலை வேலைக்கு வேண்டும் என்றார். நான் கார்புரேட்டரைக் கழுவி மாட்டினேன். எண்ணெய்க் குழாயைச் செருகினேன், கிளிப்பைப் போட மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் லிந்தாங் ரோட்டில் குழாய் கழன்று, எண்ணெய் இல்லாமல் பிஸ்டன் பிடித்து, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு அவர் விழுந்தார். கை முறிந்தது. பிளாக்கையும் பிஸ்டனையும் நம் காசில் மாற்றிக் கொடுத்தோம், அவர் வேலைக்குப் போகாத ஆறு வாரமும் அப்பா அவர் வீட்டுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார். கடைக் கண்ணாடி அலமாரியில் ஒரு பிஸ்டன் இருக்குமே, எதற்கு இந்தக் குப்பை என்று நீகூடக் கேட்டிருக்கிறாய். அது அந்த வண்டியுடையது.

அதனால் உன் வண்டியின் எண்ணெய்க் குழாய் ஒவ்வொன்றையும் டாங்கிலிருந்து பம்ப் வரைக்கும், பம்ப்பிலிருந்து எஞ்சின் வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போ. கிளிப் இருக்கிறதா, குழாய் கல்லாகிவிட்டதா, உள்ளே காற்றுக் குமிழி நிற்கிறதா என்று பார். குமிழி நின்றால் அந்த நேரம் எஞ்சினுக்கு எண்ணெய் போகாது, பம்ப்பில் இருக்கும் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியே விட வேண்டும். பம்ப்பின் லீவரில் ஒரு கோடும் உடம்பில் ஒரு கோடும் இருக்கும், மேனுவலில் சொன்னபடி இரண்டும் நேராக நிற்க வேண்டும். குழாயைக் கழற்றி மாட்டினால் முதல் டாங்க் பெட்ரோலில் ஐம்பதுக்கு ஒன்று எண்ணெய் கலந்தே ஓட்டு, புகை வந்தால் வரட்டும். எண்ணெயும் ஸ்னோமொபைலுக்கு என்று விற்பதைத்தான் வாங்க வேண்டும். இங்கே மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் டூ டி எண்ணெய் உன் ஊர்க் குளிரில் தேன் மாதிரி கெட்டியாகிவிடும், பம்ப் இழுக்காது.

கிளட்சைப் பற்றி அப்பா சொல்வதை அப்படியே எழுதுகிறேன். அதில் கியர் கிடையாது, ஸ்கூட்டரில் இருப்பதைப் போல இரண்டு கப்பி, நடுவில் ஒரு பெல்ட். பெல்டைக் கழற்றி உள்பக்கப் பல்லை விரித்துப் பார், வேரில் வெடிப்பு இருந்தாலோ பக்கவாட்டில் ஒரு இடம் மட்டும் மினுமினுப்பாகத் தேய்ந்திருந்தாலோ மாற்று. மேனுவலில் அகலம் போட்டிருக்கும், அளந்து பார்த்துக்கொள். கப்பியின் முகத்தைப் பச்சை நார்த் துண்டால் வட்டமாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடை. எண்ணெயோ கிரீஸோ அங்கே ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. பெல்டில் அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னால் போகும் சுழற்சியைப் பார்த்து மாட்டு. காலையில் வண்டியை எடுக்கும் முன் பின்பக்கத்தைக் கையால் கொஞ்சம் தூக்கிக் கீழே விடு. ராத்திரி ட்ராக் பனியோடு ஒட்டி உறைந்திருக்கும், அதைப் பிடுங்காமல் முறுக்கினால் பெல்ட் ஒரே இடத்தில் சுற்றிக் கருகும். அப்புறம் இரண்டு மூன்று நிமிடம் எஞ்சினை ஐடிலில் விடு. பிஸ்டன் சீக்கிரம் சூடாகி விரியும், சிலிண்டர் மெதுவாகத்தான் சூடாகும், அவசரப்பட்டால் குளிரிலேயே பிடித்துக்கொள்ளும்.

ட்ராக் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடினால், தளர்ந்த பக்கமாகத்தான் ஒதுங்கும். எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்துப் பின் அச்சு போல்ட்டைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கு. பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி ட்ராக்கைச் சுற்றவிடும்போது பின்னால் யாரும் நிற்கக்கூடாது, ட்ராக்கில் சிக்கிய கல் தோட்டா மாதிரி வரும். ட்ராக் ஓடும் தண்டவாளத்தின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதே, அதற்குத் தண்ணீரும் பனியும்தான் மசகு. பனி இல்லாத வெறும் ஐஸிலும் ரோட்டிலும் கொஞ்ச தூரம் ஓட்டினாலே சூடாகி உருகி ஒட்டிவிடும். கிரீஸ் நிப்பிள் எங்கெங்கே இருக்கிறது என்று தேடி எல்லாவற்றிலும் பழைய கிரீஸும் தண்ணீரும் வெளியே பிதுங்கும் வரைக்கும் அடி. செயின் பெட்டி எண்ணெயை வருஷம் ஒரு தடவை மாற்று. சாம்பல் நிறமாகப் பால் மாதிரி வந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வண்டியின் கதையைத் தங்கச்சி போனில் படித்துக் காட்டினாள். கியூபெக்கில் வால்கூர் என்ற ஊரில் பம்பார்டியே என்ற மெக்கானிக், நம்மைப் போலப் பட்டறை வைத்திருந்தவர். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் குடல்வால் நோய், ரோடு முழுக்கப் பனி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்துபோனான். 1937-ல் பனியில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி செய்தார், 1959-ல் ஸ்கிடூ வந்தது. தங்கச்சி படித்து முடித்ததும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குத் தெரியும் எதற்கு என்று. உனக்கும் இரண்டு வயதாக இருந்தபோது அப்படி ஒரு ராத்திரி வந்தது. நாம் தோட்டத்து லயத்தில் இருந்தோம், நான்கு நாள் அடைமழை, ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, உனக்குக் காய்ச்சலில் ஜன்னி. கார் எதுவும் போகாது. அப்பா ஸ்டோருக்கு ஓடி, பழக்குலை ஏற்றும் டிராக்டரை எடுத்து வந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு அது ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது, அந்த வாரம்தான் டீசல் பில்டரில் இருந்த தண்ணீரை வடித்திருந்தார். மட்கார்டில் உன்னை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்து அந்தத் தண்ணீரைக் கடந்தேன். டிராக்டர் நடுவில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றுவரை யோசிப்பதில்லை.

பைப்புக்கு வைத்திருக்கும் காசில் இதையெல்லாம் வாங்கு. ஒரு புது பெல்ட், கூடவே சீட்டுக்கு அடியில் வைக்க இன்னொன்று. நான்கு பிளக், பிளக் ஸ்பேனர். ஸ்கீயின் அடியில் இருக்கும் கார்பைட் பட்டை தேய்ந்திருந்தால் அதுவும், அது மழுங்கினால் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். கைப்பிடி சூடாக்கி வேலை செய்யவில்லை என்றால் அதை முதலில் சரிசெய், விரல் மரத்துவிட்டால் பிரேக் பிடிக்க முடியாது. இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிற்றை முழுக்க வெளியே இழுத்து, பிடிக்கு உள்ளே முடிச்சு இருக்கும் இடத்தைப் பார். புல் வெட்டும் மிஷினில் எல்லாம் அங்கேதான் நைந்து அறும். எஞ்சினை நிறுத்தும் கயிற்றைச் சட்டையில் மாட்டாமல் ஏறாதே. கொட்டகைக் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடாதே, அந்தப் புகையில் இருக்கும் விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது, தெரிவதற்குள் ஆளைச் சாய்த்துவிடும். ஏரியில் இறங்க ஐஸ் 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்று கனடா செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறதாம், தங்கச்சி தேடிப் பார்த்துச் சொன்னாள். துளை போட்டு அளந்த ஆள் உன் கூட இல்லாமல் இறங்காதே.

இரண்டு வாரம் இப்படி ஓட்டிவிட்டு இரண்டு பிளக்கையும் கழற்றிப் படம் எடுத்து அனுப்பு. நுனி பால் தேநீர் நிறத்தில் இருந்தால் சரி. கறுப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், அதைப் பிறகு பார்க்கலாம். வெள்ளையாக இருந்தால் வண்டியைத் தொடாதே, என்னைக் கூப்பிடு. உனக்கு ராத்திரியாக இருந்தால் எனக்குக் காலைதான், தயங்காதே.

என் ஜெட் கம்பிகளைக் கவரில் போட்டு நேற்று தபாலில் சேர்த்துவிட்டேன், மூன்று அளவு இருக்கிறது, நூல் கட்டியிருப்பது பைலட் ஜெட்டுக்கு. வந்து சேர்ந்ததும் உன் சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்குப் போனை நிமிர்த்தி வைத்துவிட்டு வேலையை ஆரம்பி, இங்கே ஞாயிறு காலை ஒன்பது, நாங்கள் பசியாறிவிட்டு உட்கார்ந்திருப்போம். கழுவியதும் ஜெட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடி. உள்ளே வெளிச்சம் ஓரத்தில் எதுவும் ஒட்டாமல் வட்டமாகத் தெரிய வேண்டும். தெரிகிறது என்று நீ சொன்ன பிறகு, போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து எனக்கும் காட்டு.

அம்மா