திருச்செங்கோட்டு மலையும் 1932ஆம் ஆண்டுத் தீர்மானமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை மாகாண முதலமைச்சர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். டாக்டர் ப. சுப்பராயனுக்கு நான்கு வரி ஒதுக்கியிருந்தீர்கள். குமாரமங்கலம் ஜமீன்தார், ஆக்ஸ்போர்டில் படித்தவர், 1926 முதல் 1930 வரை முதலமைச்சர், ராணுவத் தலைமைத் தளபதி குமாரமங்கலத்தின் தந்தை. எல்லாம் சரிதான். ஆனால் திருச்செங்கோட்டுக்காரனான எனக்கு எது பெரிதோ, அது விட்டுப்போயிருக்கிறது.

அவர் எந்தக் கட்சியையும் சாராமல் முதலமைச்சர் ஆனவர். தேர்தலில் முதலிடம் பிடித்த சுயராஜ்யக் கட்சி, ஆளுநரும் அமைச்சர்களும் துறைகளைப் பிரித்துக்கொண்டு ஆண்ட இரட்டையாட்சியில் பதவி ஏற்க மாட்டோம் என்று ஒதுங்கியதால் ஆளுநர் இவரை அழைத்தார். அரசியல் சீர்திருத்தத்தை ஆராய ஆங்கிலேய அரசு அனுப்பிய சைமன் குழு விவகாரத்தில் அமைச்சர்கள் இருவர் 1928இல் விலகிய பிறகு முத்தையா முதலியார் அமைச்சராக உள்ளே வந்தார், வகுப்புவாரி இடஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. இது பலருக்கும் தெரிந்த கதை.

நான் சொல்ல வந்தது பதவி போன பிறகு அவர் செய்தது. 1932 நவம்பரில், அமைச்சராக இல்லாத சுப்பராயன், ஒடுக்கப்பட்ட மக்களைக் கோயிலுக்குள் அனுமதிக்க வேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. அதோடு நிற்காமல் ஒரு மசோதாவும் தயாரித்தார். அன்றைய நிலையில் அறங்காவலர்களே மனம் இரங்கிக் கதவைத் திறக்க நினைத்தாலும், வழக்கத்தை மீறக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்துவிடும். அந்தக் கட்டை அவிழ்க்கத்தான் மசோதா. பெரும்பான்மையோர் விரும்பினால் கோயிலைத் திறக்கலாம் என்பது அதன் சாரம். 1933 ஜனவரியில் வைஸ்ராய் வில்லிங்டன் அதைச் சென்னைச் சட்டமன்றத்தில் வைக்கவே அனுமதி மறுத்துவிட்டார். மாகாணம் முழுவதும் கோயில் நுழைவை உரிமையாகவே தரும் சட்டம் வர 1947 வரை, ஓமந்தூரார் ஆட்சி வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவருடைய திருமணத்தையும் சொல்ல வேண்டும். கொங்கு வேளாளர் ஜமீன் குடும்பத்துப் பிள்ளை, நூறு வருடங்களுக்கு முன்பே மங்களூரைச் சேர்ந்த ராதாபாயை மணந்தார். வேறு சாதி, வேறு மொழி. ராதாபாயின் தந்தை குத்முல் ரங்கராவ், தலித் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியதற்காகச் சொந்தச் சாதியாரால் ஒதுக்கி வைக்கப்பட்டவர். அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுத்தவரின் மசோதா அது.

எல்லாவற்றிலும் அவர் சரியாக நடந்தார் என்று நான் வாதாடவில்லை. 1938இல் ராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது கல்வி அமைச்சர் இவர்தான். ஆனால் 1956இல் ஆட்சிமொழி ஆணையத்தின் அறிக்கையில், இந்திக்குச் சாதகமான பரிந்துரைகளோடு உடன்படாமல் தனிக்குறிப்பு எழுதிய இருவரில் ஒருவரும் இவர்தான். இந்த மாற்றத்துக்காகவும் அவரை மதிக்கிறேன்.

ஐயா, இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2015இல் திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குத் தோழியோடு வந்த ஒரு தலித் இளைஞரைச் சாதியின் பேரால் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள். பொறியியல் படித்த பையன். 2022இல் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த மலையிலிருந்து குமாரமங்கலம் கூப்பிடு தூரம். ஒரம்பரை (உறவினர்) வீட்டு விசேஷங்களில் இன்றும் இந்தப் பேச்சு வந்தால் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், மீதிப் பேர் கொன்றவர்கள் பக்கம் நியாயம் பேசுகிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, இதே மண்ணில் இதே சாதியில் பிறந்த ஒருவர் கோயில் கதவைத் திறக்கச் சட்டமன்றத்தில் நின்று பேசினார் என்று சொல்ல ஆளில்லை. ஆசிரியராக இருந்த காலத்தில் நானும் வகுப்பில் சொல்லாமல் விட்டேன். அது இப்போது உறுத்துகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். 1932 நவம்பர் சட்டமன்ற விவாதத்தை, ஆதரித்தவர் பேச்சு, எதிர்த்தவர் பேச்சு இரண்டையும், தமிழில் பெயர்த்துத் தொடராக வெளியிடுங்கள். மெய்ப்புப் பார்க்கும் வேலையை நான் செய்து தருகிறேன். முதல் இதழ் வந்ததும் நூறு பிரதி வாங்கி எங்கள் வட்டத்துப் பள்ளி நூலகங்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
திருச்செங்கோடு