மூலம் என்று நீயே முடிவுகட்டாதே

தக்கலை,
ஞாயிறு காலை

அன்பு மக்கா,

வேலையை விட்டு ஊருக்கு வந்து மூணு வாரம் ஆகிறது. மழை விடவில்லை. புத்தகப் பெட்டிகள் கட்டியபடியே கிடக்கின்றன. மரச்சீனியும் சாளைக் கறியும் மட்டும் தடையில்லாமல் நடக்கிறது.

நேற்று நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர், பிறகு நம் ஊருக்கு வந்து இங்கேதான் வருஷக்கணக்கில் குடற்புண்ணுக்கு ஆபரேஷன் செய்தார். நான் டாக்டருக்குப் படித்த காலத்திலும் அல்சருக்குக் காரணம் மிளகாயும் கவலையும் என்றுதான் சொல்லித்தந்தார்கள். காரணம் ஒரு கிருமி என்று நிரூபிக்க, ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல் என்ற டாக்டர் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. 1994-ல் அதைப் புற்றுக்குக் காரணமானவற்றின் பட்டியலிலும் சேர்த்தார்கள். அன்று கத்தி வைத்த புண் பெரும்பாலும் இன்று இரண்டு வார மாத்திரையில் ஆறுகிறது. வாய் வழியாக வயிற்றுக்குள் விடும் கேமராக் குழாயான ஸ்கோப்பில் கிள்ளி எடுத்த துணுக்கை மஞ்சள் ஜெல்லில் போட்டு, கிருமி இருந்தால் அது ரோஸாக மாறுவதைப் பார்ப்பதில் எனக்கு இன்றும் சலிப்பு வரவில்லை. நம் நாட்டில் இந்தக் கிருமி அத்தனை பேருக்கு இருந்தும் வயிற்றுப் புற்று அந்த அளவுக்கு இல்லையே, அது ஏன்? என் ஆராய்ச்சியெல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் போயிற்று. முழுப் பதில் கிடைக்கவில்லை.

ஒருத்தரை மறக்க முடியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. குளச்சல் பக்கத்து மீன்காரர். பசியில்லை, நெஞ்சுக்குக் கீழே எரிச்சல் என்றார். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தேன், வலி குறைந்தது. புற்றுப்புண்ணும் அந்த மாத்திரைக்குக் கொஞ்சநாள் அடங்கும். ஆறு மாதம் கழித்து ஸ்கோப் பார்த்தபோது ஈரலுக்குப் பரவியிருந்தது. தவறு என்னுடையது.

அதனால்தான் நீ போனில் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. ரத்தம் போகிறது, மூலந்தான் என்கிறாய். யார் பார்த்துச் சொன்னது? உன் தம்பிக்கு 48 வயதில் பெருங்குடல் புற்று வந்தது. கூடப்பிறந்தவர்கள் 38 வயதிலேயே கொலனாஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, பார்த்திருக்க வேண்டும். உனக்கு இப்போது 63. பயப்படச் சொல்லவில்லை. குடலில் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷம் போல ஆகும். அதற்குள் கண்டால் கம்பி வளையம் போட்டு அறுத்து எடுத்துவிடலாம், வயிற்றைத் திறக்க வேண்டாம். கூச்சத்தில்தான் நம் ஆட்கள் அந்தப் பத்து வருஷத்தையும் தொலைக்கிறார்கள்.

வியாழக்கிழமைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். புதன்கிழமை கஞ்சித்தண்ணியும் இளநீரும் போதும். சாயங்காலம் குடல் கழுவும் மருந்தோடு நான் குலசேகரம் வருகிறேன். ராத்திரி உன் வீட்டிலேயே படுத்துக்கொள்கிறேன்.

உன் கூட்டுக்காரன்