மாதவிடாய் தேதியையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் தொல்லைகள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை உடல் சூடு, வியர்வை, எலும்புத் தேய்மானம் எல்லாம் சொல்லிவிட்டு மூளையை மறந்துவிட்டது. அந்த வயதில் குறைந்துபோகும் ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்கு மட்டுமான ஹார்மோன் இல்லை. மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் 'காம்ட்' என்ற நொதியை அது மட்டுப்படுத்துகிறது, அதனால் டோபமைன் கூடுகிறது. 2011இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வில், இயல்பிலேயே டோபமைன் குறைவாக உள்ள மரபணு வகைப் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கூடிய நாட்களில் தகவலைச் சற்று நேரம் மனதில் நிறுத்திப் பயன்படுத்தும் நினைவாற்றல் மேம்பட்டது, டோபமைன் அதிகமுள்ள வகையினருக்கோ அதே நாட்களில் குறைந்தது. ஆக, எல்லாருக்கும் ஒரே கணக்கு சரிவராது.

மனச்சிதைவு நோய் புதிதாகத் தொடங்கும் பெண்களின் எண்ணிக்கை, இளவயதுக்குப் பிறகு 45 வயதை ஒட்டி இரண்டாவது முறையாகக் கூடுவதற்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஒரே மாத்திரையில் பல வருடம் நன்றாக இருந்த என் அக்காவுக்கு, மாதவிடாய் நின்ற சமயத்தில் மறுபடியும் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது, "மாத்திரை ஒழுங்காப் போடுறாங்களா?" என்று கேட்ட மருத்துவர், மாதவிடாய் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனநலப் பிரிவின் ஓ.பி. சீட்டில் கடைசி மாதவிடாய் தேதிக்கு ஒரு வரி ஒதுக்க சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும், அதற்குச் செலவே கிடையாது.