வேப்பமரத்துச் சீந்தில்

கிணத்துக்கடவு
ஐப்பசி 12

அன்புள்ள வசந்தாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பின போட்டோவை நேற்று ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். மாட்டுங்கா பால்கனிக் கம்பியைச் சுற்றிக்கொண்டு, வெற்றிலை மாதிரி இலை விட்டு, செழிப்பாக நிற்கிறது உன் கொடி. "அம்மிச்சி வீட்டுச் சீந்தில்தானே இது? கொரோனா சமயத்தில் ஆரம்பித்தது, தினமும் காலையில் ஒரு டம்ளர் அரைத்துக் குடிக்கிறேன், ஒரு நாள் விட்டதில்லை" என்று எழுதியிருந்தாய். போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போனை எடுத்தால் நமக்குப் பேரப்பிள்ளைகள் கதையே முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே அதைக் குடிப்பதை நிறுத்து. மறுநாள் ரத்தம் கொடுத்துக் கல்லீரல் டெஸ்ட் எடுத்துவிடு. உன் டாக்டரிடம் இத்தனை வருஷமாகக் குடித்ததையும் மறைக்காமல் சொல்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே. உனக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு என்று போன வருஷம் சொன்னாய் அல்லவா? உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தைராய்டையே பகையாக நினைத்துத் தாக்குகிற நோய் அது. சீந்திலோ எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது என்று சொல்லித்தான் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு நுழைந்தது. 2020 செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் உன் மும்பையிலேயே ஆறு பேர் இதைக் குடித்துவிட்டுக் கல்லீரல் பாதிப்போடு டாக்டர்களிடம் போயிருக்கிறார்கள். 2021-இல் அந்த டாக்டர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். உடம்பே கல்லீரலைத் தாக்குவது போன்ற பாதிப்பு என்றும், உள்ளே சத்தமில்லாமல் கிடந்த நோயை இந்தக் கொடி கிளப்பிவிட்டிருக்கலாம் என்றும் சொன்னார்கள். அடுத்த வருஷம் நாடு முழுக்க 13 மையங்களிலிருந்து இப்படிக் கல்லீரல் பாதித்த 43 பேருடைய விவரம் வந்தது. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. சீந்தில் பாதுகாப்பானதுதான், குடித்தது சீந்திலா அதன் பங்காளிக் கொடியா என்று யாரும் சோதிக்கவில்லை என்றார்கள். அந்தப் பங்காளிதான் டினோஸ்போரா கிரிஸ்பா. நம் சீந்தில் டினோஸ்போரா கார்டிஃபோலியா.

எந்தப் பக்கம் சரியோ, உன் விஷயத்தில் இரண்டுமே இடிக்கிறது. அசல் சீந்தில் என்றால் உன் தைராய்டை நினைத்துக் கவலை. அசல் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம்.

உன் போட்டோவில் இலைதான் தெரிகிறது. இலையை வைத்துச் சொல்ல முடியாது, இரண்டுக்கும் இதய வடிவம்தான். தண்டைப் பார். சுண்டுவிரல் கனத்தில் ஒன்றைப் பிடித்து நகத்தால் கீறினால், சீந்திலில் வெங்காயச் சருகு போல மெல்லிய தோல் உரியும், அடியில் நல்ல பச்சை. முற்றின தண்டைக் குறுக்கே வெட்டினால் வண்டிச் சக்கரம் மாதிரி ஆரக்கால் தெரியும். மற்றதில் தண்டு முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக முண்டு இருக்கும், வெட்டினால் பால் மாதிரி கசியும். பூத்தால் சீந்திலுக்கு ஆறு இதழ், அதற்கு மூன்று. பழமும் வேறு. சீந்தில் பழம் பட்டாணி அளவில் உருண்டையாகச் சிவந்திருக்கும், அது நீள்வாட்டில் இருக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நான் ஏமாந்திருக்கிறேன். ஐந்து வருஷம் முன்னால் ஒரு நர்சரியில் சீந்தில் என்று கேட்டு வாங்கி, பின்கட்டு வேப்பமரத்தில் ஏற்றிவிட்டேன். வேம்பில் படர்ந்தால் விசேஷம் என்று அம்மிச்சி சொல்வாரே, அந்த ஆசை. இரண்டு மழைக்குக் கிடுகிடுவென்று ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சலுக்குக் கேட்டபோது வெட்டிக் கொடுக்கலாம் என்று அரிவாளோடு போனேன். தண்டைப் பிடித்தால் கையில் நெருஞ்சியாக உறுத்துகிறது, முண்டு முண்டாக. அப்படியே கீழே போட்டுவிட்டேன். ஒரு நாள் முந்தி அவர் கேட்டு, நான் இருட்டில் வெட்டிக் கொடுத்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. வேரோடு பிடுங்கி எரித்தேன். இப்போது மரத்தில் இருப்பது தோட்டத்துக் கிளுவை வேலியிலிருந்து நானே தேடி எடுத்துவந்தது. கிளுவை வேலியையெல்லாம் பிடுங்கிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள், வசந்தா. கிழக்கு மூலையில் ஒரு முப்பதடி மிச்சம், அதில்தான் இது பிழைத்துக் கிடந்தது.

அம்மிச்சி சீந்தில் சர்க்கரை எடுத்தது உனக்கு நினைவிருக்கிறதா? முழுப்பரீட்சை லீவில் நீயும் நானும்தான் உரல் பக்கம் உட்கார்ந்திருப்போம். கட்டைவிரல் தண்டியில் முற்றின கொடியாகத் தேர்ந்து, தோல் சீவி, துண்டு போட்டு இடிப்பார். மண்சட்டித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறும். காலையில் கையால் பிசைந்து பிசைந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அசையாமல் வைத்துவிடுவார். சட்டியைத் தொட்டால் அடிதான். மேலே நிற்கிற கசப்புத் தண்ணீரை மெல்ல இறுத்துவிட்டு, வேறு தண்ணீர் ஊற்றி, மறுபடி தெளிய வைத்து, மறுபடி இறுத்து, அடியில் மாவு வெளுக்கும்வரை விடமாட்டார். ஒரு கூடைத் தண்டுக்கு ஒரு கிண்ணம் தேறினால் பெரிசு. காய்ந்ததை விரலில் எடுத்துத் தேய்த்தால் கூவைக்கிழங்கு மாவு மாதிரி கிறீச்சென்னும். சர்க்கரை என்ற பேரை நம்பி நீ ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு முகம் சுளித்தாய்!

அதைத்தான் நீ யோசிக்க வேண்டும். அம்மிச்சி நமக்குக் கொடுத்தது கசப்பையெல்லாம் பல தண்ணீரில் கழுவித் தள்ளின வெறும் மாவு. அதுவும் காய்ச்சல் விட்டுத் துவண்டு கிடக்கிற பிள்ளைக்கு, நெய்யில் குழைத்து ஒரு சிட்டிகை, நாலைந்து நாள். நீ குடிப்பது கழுவாத பச்சைச் சாறு, ஒரு டம்ளர், வருஷக்கணக்காக. இரண்டுக்கும் பேர்தான் ஒன்று. உன் அக்கம்பக்கத்தில் குள்வேல், கிலோய் என்று சொல்லி விற்கிற பாட்டில் சாறும் இந்தக் கணக்குத்தான்.

கொடி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ராம ராவண யுத்தம் முடிந்து, செத்த வானரங்களை எழுப்ப இந்திரன் அமிர்தம் தெளித்தபோது சிந்தின துளியில் முளைத்தது என்று அம்மிச்சி கதை சொல்வார். அமிர்தவல்லி என்று பேர் வைத்தது பொருத்தம்தான். வெட்டி எரவாணத்தில் சொருகி வைத்த துண்டு மண்ணில்லாமல், தண்ணீரில்லாமல் துளிர் விட்டதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். மரத்தின் மேலே வெட்டிவிட்டால் நூல் நூலாக வேரைக் கீழே இறக்கி மண்ணைத் தொட்டுவிடும். போன ஆடியில் எனக்குக் காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டபோது பாலக்காட்டு வைத்தியர் அம்ருதோத்தரம் கஷாயம் கொடுத்தார். சீந்தில் ஆறு பங்கு, கடுக்காய் நாலு, சுக்கு இரண்டு. சீந்தில் தூக்கலாக இருப்பதால்தான் அந்தப் பேர். நாடி பார்த்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டுத்தான் எழுதினார். பதினைந்து நாளில் நிறுத்தவும் சொன்னார். இன்னும் பத்து நாள் குடிக்கட்டுமா என்றதற்கு, "எதுக்கு?" என்று ஒரே வார்த்தை. வாதரத்தம் என்கிற மூட்டு நோய்க்கு ஆயுர்வேதத்தில் சீந்தில்தான் முதல் மருந்து என்று மதிக்கிற மனிதர் அவர்.

தோப்பு பரவாயில்லை. வெள்ளை ஈ இன்னும் முழுசாகப் போகவில்லை, ஓலையெல்லாம் கரி பூசினது போல இருக்கிறது. தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருக்கிறோம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேத்தி ஒன்பதாவது போய்விட்டாள், உன்னைப் போலவே கணக்கு என்றால் காததூரம் ஓடுகிறாள்.

தைக்கு வருகிறேன் என்றாயே, தள்ளிப்போடாதே. அப்போது வேப்பமரத்தில் சீந்தில் பழம் சிவந்திருக்கும். ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு; அதிர்ஷ்டத்துக்கு நான் எடுத்துவந்தது பெண்கொடியாக அமைந்துவிட்டது. உன் கொடியில் ஒரு முழம் வெட்டிப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவா, பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

அதற்கு முன்னால் டெஸ்ட். ரிசல்ட் வந்த அன்றைக்கே கூப்பிடு, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி. போனைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.

உன்
சரசு